கோடை முகாமில் மாற்றுத்திறன் பிள்ளைகள்: ஆளுக்கு ஒரு துணை போட்டால் போதுமா?

#1 முகாம்_பொறுப்பு

எல்லோருக்கும் வணக்கம். 9 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இரவு தங்கும் கோடை முகாம் நடத்தும் குழுவில் இருக்கிறேன். ஏரி, கூடாரம், நீச்சல், கைவினை, நாடகம் என்று வழக்கமான முகாம்தான். இந்த முறை பதிவானவர்களில் நால்வரைப் பற்றித்தான் கேள்வி.

11 வயதுச் சிறுமி, ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத நிலை), சக்கர நாற்காலி. 10 வயதுப் பையன், ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு, டேப்லெட்டில் படத்தைத் தொட்டுச் சொல்வான். 13 வயதுப் பையன், வலிப்பு. 12 வயதுச் சிறுமி, காது கேட்க உட்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தவள்.

குழுவில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நால்வருக்கும் ஆளுக்கு ஒரு தன்னார்வலர். காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை நிழல் மாதிரி கூடவே இருப்பார். மற்றபடி அட்டவணை அப்படியே ஓடும். இது போதுமா? வேறு என்ன விட்டுப்போயிருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சிறப்பாசிரியை

நால்வரையும் சேர்த்துக்கொண்டதற்கே பாராட்டு. பல இடங்களில் விண்ணப்பத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

உங்கள் படிவத்தில் என்ன கேட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலும் "ஏதேனும் குறைபாடு உண்டா, இருந்தால் பெயர்" என்று ஒரு கோடு இருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டிசம் என்று எழுதியிருக்கும் இருவரில் ஒருவன் கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வான், இன்னொருவன் கூட்டத்துக்கு நடுவே போய் நிற்பான். அதனால் ஒரு நாளை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து கேளுங்கள். எதைத் தானாகச் செய்வாள், எதற்கு எவ்வளவு கை கொடுக்க வேண்டும், உடை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும். களைத்துவிட்டால் எப்படித் தெரியும். வலியை எப்படிச் சொல்வான். "வேண்டாம்" என்பதை எப்படிச் சொல்வான். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல், பேச்சு குறைந்த பிள்ளையை எந்த முகாமும் பொறுப்பேற்கக் கூடாது என்பது என் கட்சி.

பெற்றோரிடம் பேசி முடித்ததும் போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா "தண்ணீர் என்றாலே பயம்" என்பார், மகள் "படகு உண்டா?" என்று கேட்பாள்.

#3 சக்கரம்

எனக்குப் பெருமூளை வாதம், சின்ன வயசிலேர்ந்து சக்கர நாற்காலிதான். முகாமுக்குப் போன பிள்ளையும் நான்தான், இப்போ முகாம்கள்ல வேலை பாக்குறவனும் நான்தான். அதனால நேராவே சொல்லிடறேன்: அந்த நிழல் திட்டத்தைக் கைவிடுங்க.

நீச்சல், கைவினை எல்லாம் பெரியவங்க போடுற அட்டவணை. பிள்ளைங்களுக்கு முகாம்ங்கிறது விளக்கு அணைச்ச பிறகு கூடாரத்துக்குள்ள நடக்கிறது. யாரோட சாக்ஸை யார் ஒளிச்சு வச்சது, எந்த அண்ணன் நடக்கிற மாதிரி யார் நடிச்சுக் காட்டுவாங்க, இதெல்லாம்தான். எனக்குன்னு போட்ட அண்ணன் தங்கமான மனுஷன், குறையே சொல்ல மாட்டேன். ராத்திரி என் கட்டில் ஓரமா உக்காந்திருப்பார். அவர் இருக்கிற வரைக்கும் அந்தக் கூடாரத்துல ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். தண்ணி குடிக்க எழுந்து போவார், சிரிப்பு ஆரம்பிக்கும். திரும்பி வருவார், நின்னுடும். பகல்ல பசங்களுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா அவர்கிட்ட கேப்பாங்க: "அவனுக்கு இது பிடிக்குமாண்ணா?" நான் அங்கேயேதான் உக்காந்திருப்பேன்.

அதோட, நாலு பிள்ளைக்கும் நாலு விதமான தேவை. எல்லாத்துக்கும் ஒரே மருந்தா? காக்ளியர் வச்ச பிள்ளைக்கு ஆள் எதுக்கு? வெளிச்சம் இருக்கணும், பேசுறவங்க முகம் தெரியணும், அவ்வளவுதான்.

#4 சிறப்பாசிரியை

சக்கரம் சொல்வதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளில் மைக்கேல் ஜியான்கிரெகோவும் சக ஆய்வாளர்களும் இதைக் கவனித்து 1997-ல் வெளியிட்டார்கள். துணையாள் எப்போதும் ஒட்டியே இருந்தால் சக பிள்ளைகள் விலகிப்போகிறார்கள். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். பிள்ளையும் எதற்கெடுத்தாலும் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறது. முகாமில் ஆசிரியர் இருக்கும் இடத்தில் நீச்சல் பயிற்சியாளரையும் நாடகம் சொல்லித்தருபவரையும் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

#5 கணக்குப்பிள்ளை

எதிர்க்கட்சிக்கு ஒருவர் வேண்டுமே, நான் இருக்கிறேன். நானும் ஒரு முகாம் நிர்வாகக் குழுவில் இருக்கிறவன். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் முதலில் வரும் கேள்வி "பக்கத்தில் யார் இருந்தார்?" என்பதுதான். "பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று ஆளை விலக்கினோம்" என்று அப்போது சொல்ல முடியுமா?

இன்னொன்று. இவர்களுக்கென்றே தனி முகாம்கள் இருக்கின்றனவே. அங்கே பயிற்சி பெற்றவர்கள், சரிவுப் பாதை, மருத்துவ வசதி எல்லாம் உண்டு. அரைகுறை வசதியோடு சேர்த்துக்கொண்டு பிள்ளையைச் சிரமப்படுத்துவதைவிட அது மேல் இல்லையா? கேட்கக் கசப்பாக இருக்கலாம், ஆனால் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டே தீர வேண்டிய கேள்வி.

#6 பழைய_தன்னார்வலர்

ஐயா கேட்ட இரண்டாவது கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. தனி முகாம்களுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை விடுதிகளில் அடைத்துவைத்திருந்த காலத்தில், 1962-ல், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் மேரிலாந்தில் தன் வீட்டு வளாகத்திலேயே ஒரு கோடைப் பகல் முகாம் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளால் நீந்த முடியாது, விளையாட முடியாது என்று நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே விழுந்த விதைதான் 1968-ல் சிகாகோவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டு ஆயிற்று.

இன்னொரு முகாம், நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஜெனெட். 1951 முதல் 1977 வரை நடந்தது. போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த ஜூடித் ஹ்யூமன் சிறுமியாக அங்கே போனார், பிறகு அங்கேயே பணியாற்றினார். 1977-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து தங்கள் உரிமைச் சட்டவிதிகளில் கையெழுத்து வாங்கினார்கள் அல்லவா, அதற்குத் தலைமை தாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஜெனெட்டில் பழகிய வேறு சிலரும் உள்ளே இருந்தார்கள். தன்னைப் போன்றவர்களே சுற்றிலும் இருக்கும் இடத்தில் கிடைக்கும் தெம்பு தனி. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் தனி முகாம் என்பது பிள்ளை விரும்பிப் போகும் இடமாக இருக்க வேண்டும். பொது முகாமில் இடமில்லை என்று தள்ளிவிடப்பட்டுப் போய்ச் சேரும் இடமாக இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் வந்தது. அதன் 30-வது பிரிவு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கேற்க வழி செய்யச் சொல்கிறது. நால்வரும் இந்த முகாமுக்குத்தான் எழுதிப்போட்டிருக்கிறார்கள்.

#7 வார்டு_செவிலி

வரலாறு இருக்கட்டும், மருந்துப் பெட்டிக்கு வருவோம். பல கோடை முகாம்களில் செவிலியாக இருந்திருக்கிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, பொறுத்துப் படியுங்கள்.

வலிப்புள்ள தம்பி. மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட திட்டம் வேண்டும்: அவனுக்கு வலிப்பு எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும், மீட்பு மருந்து (நீளும் வலிப்பை நிறுத்தத் தருவது) என்ன, எப்போது கொடுப்பது. வந்தால் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலும் ஆம்புலன்ஸ். தண்ணீருக்குள் வந்தால் முகம் மேலே இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் நின்றாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும், தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும்.

மீட்பு மருந்து அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஏரிக்கரையில் வலிப்பு வரும், சாவி உணவுக்கூடத்தில் இருக்கும். மருந்து அவன் போகும் இடமெல்லாம் போக வேண்டும், கொடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இடுப்புப் பையில்.

தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு எளிதாக வரும். முதல் இரண்டு இரவு எந்தப் பிள்ளையும் தூங்காது, நமக்குத் தெரிந்ததுதான். அவனுக்கு மேல்கட்டில் வேண்டாம், குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம். நீச்சலில் அவனையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும், கரையில் பேசிக்கொண்டிருப்பவர் கணக்கில் வராது. டோபிரமேட், சோனிசமைடு என்ற வலிப்பு மருந்துகளைச் சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். சிலருக்கு அவை வியர்வையைக் குறைத்துவிடும், வெயிலில் உடல் சூடு ஏறிவிடும்.

ஸ்பைனா பிஃபிடா பாப்பாவைப் பற்றி அம்மாவிடம் முக்கியமாக மூன்று கேள்வி. ஒன்று, லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உண்டா? இந்தப் பிள்ளைகளுக்கு அது அதிகம். உண்டென்றால் பலூன், ரப்பர் கையுறை, சில நீச்சல் தொப்பிகள் எதுவும் முகாமுக்குள் வரக் கூடாது. தண்ணீர் பலூன் விளையாட்டையே தூக்கிவிடுங்கள், ஸ்பாஞ்சு இருக்கிறது. இரண்டு, சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் வைக்கிறாளா? பெரும்பாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்த நேரம் அட்டவணையில் இருக்க வேண்டும், சுத்தமான, கதவு சாத்தக்கூடிய இடம் வேண்டும். தானே செய்துகொள்கிறவளாக இருந்தால் நீங்கள் தர வேண்டியது கதவும் நேரமும் மட்டுமே.

மூன்று, தலையில் ஷண்ட் இருக்கிறதா? பலருக்கு மூளைநீரை வடிக்க அந்தக் குழாய் வைத்திருப்பார்கள். தலைவலி, வாந்தி, வழக்கத்தைவிடத் தூக்கக் கலக்கம் என்றால் ஷண்ட் அடைத்திருக்கலாம். முகாமில் தலைவலியும் வாந்தியும் வந்தால் "வெயில்", "வீட்டு ஞாபகம்" என்று படுக்க வைத்துவிடுவோம். இந்தப் பிள்ளை விஷயத்தில் உடனே போன், உடனே மருத்துவமனை.

காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் சுட்டாலும் சிராய்த்தாலும் தெரியாது. குளத்து ஓரத்தில் தேய்ந்து ரத்தம் வந்திருக்கும், அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். தண்ணீரிலும் காலுறையோ காலணியோ இருக்கட்டும். தீ மூட்டும் இடத்தில் கால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரவில் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், அவளே கண்ணாடி வைத்துப் பார்க்கப் பழகியிருக்கலாம்.

#8 கணக்குப்பிள்ளை

சிஸ்டர், இதைப் படித்த பிறகு பயம் கூடத்தான் செய்கிறது.

#9 வார்டு_செவிலி

பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நான் எழுதியதில் எதற்கும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் ஆள் தேவையில்லை. விவரம் தெரிந்த ஆட்கள்தான் தேவை. அந்த நிழல் மனிதர் ஒருவருக்கு மட்டும் வலிப்புப் பயிற்சி கொடுத்து, அவர் கழிவறைக்குப் போன நேரத்தில் வலிப்பு வந்தால்? சமையல்காரர் உட்பட எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். அது ஒரு பிற்பகல் வேலை.

#10 முகாம்_பொறுப்பு

மிக்க நன்றி. ஷண்ட் பற்றி எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது, நாளைக்கே கேட்கிறேன். அடுத்து அந்த 10 வயதுப் பையன். எங்கள் முகாமில் எல்லாவற்றுக்கும் விசில், உணவுக்கூடத்தில் பாட்டு, கைதட்டல், ஒரே இரைச்சல். ஓடிவிடுவான் என்று அப்பா எழுதியிருக்கிறார். என்ன செய்வது?

#11 இருவர்_அம்மா

என் பெரியவனும் அப்படித்தான். நான் சொல்றேன், தம்பி.

முதல்ல தண்ணி. ஆட்டிசம் உள்ள நிறைய பிள்ளைங்களுக்குத் தண்ணின்னா ஒரு இழுப்பு, ஆபத்து தெரியாது. ஓடிப்போன பிள்ளைங்க தண்ணில விழுந்து போறதுதான் பெரிய பயமே. உங்க முகாம் ஏரிக்கரைல. அவனைக் காணோம்னா கூடாரம் கூடாரமா தேடாதீங்க, முதல்ல ஏரிக்கு ஆள் ஓடணும். இதை எல்லாருக்கும் முன்னாடியே சொல்லி வைங்க. காணோம்னு தெரிஞ்சதும் யார் எங்கே போறதுன்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டிடுங்க.

எதுக்காக ஓடுறான்னு அப்பாகிட்ட கேளுங்க. என் பையன் சத்தத்திலேர்ந்து ஓடுவான். காரணம் தெரிஞ்சா பாதி ஓட்டம் நின்னுடும். சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் முன்னாடி கொஞ்ச நேரம் போய்ச் சாப்பிட விடுங்க, கதவுப் பக்கம் உக்கார விடுங்க, காதுக்கு ஹெட்ஃபோன் இருக்கட்டும். விசிலுக்குப் பதிலா வேற ஏதாவது பாருங்க, கொடி தூக்கினா என்ன? அமைதியா ஒதுங்குறதுக்கு ஒரு இடம் வேணும், அவனே போய் அவனே வர்ற மாதிரி. தண்டனைக்குன்னு அந்த இடத்தைப் பயன்படுத்திட்டீங்கன்னா அப்புறம் அவன் அங்கே போகவே மாட்டான்.

முகாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இடத்தோட போட்டோ அனுப்புங்க. கட்டில், கழிவறை, உணவுக்கூடம், முகாம்ல அவனைப் பாத்துக்கப் போற அண்ணன் அக்கா முகம். என் பையன் அந்தப் போட்டோக்களைத் தினமும் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பான். அன்னன்னைக்கு என்னென்னன்னு படமாப் போட்டு மாட்டுங்க. முடிஞ்சதை எடுத்துடணும். மழை வந்து திட்டம் மாறினா படத்தையும் அவன் கண் முன்னாடி மாத்துங்க.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேக்குறேன். "முகாம்ல எலக்ட்ரானிக் பொருள் கூடாது"ன்னு அந்த டேப்லெட்டை வாங்கி வச்சிடாதீங்க. அவன் பேசுறதே அதுலதான். தண்ணிக்குப் போறப்போ அதே படங்களை லேமினேட் பண்ணி ஒரு அட்டை கழுத்துல போட்டு விடுங்க. அதுல "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது" கட்டாயம் இருக்கணும். நிறைய அட்டைங்கள்ல சாப்பாட்டுப் படம் இருக்கும், "போதும்" இருக்காது.

கோபம் வந்து கத்துறான்னு நினைச்சு அதட்டாதீங்க. தாங்க முடியாமப் போறது வேற, அடம் வேற. தாங்க முடியாதப்போ பேச்சைக் குறைங்க, கூட்டத்தை விலக்குங்க, காத்திருங்க.

#12 சிறப்பாசிரியை

நல்ல பதிவு அக்கா. காக்ளியர் பிள்ளையைப் பற்றி நான் சேர்க்கிறேன். வெளியே மாட்டும் பகுதியைக் கழற்றினால் அவளுக்குப் பெரும்பாலும் எதுவும் கேட்காது. நீச்சலுக்கு முன் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும் (தண்ணீர் புகாத உறை சிலவற்றுக்கு உண்டு, பெற்றோரிடம் கேளுங்கள்). ஆகவே அவள் தண்ணீரில் இருக்கும்போது உயிர்காப்பாளரின் விசில் அவளுக்கு இல்லை. எந்தக் கை அசைவுக்குக் கரையேற வேண்டும் என்று தண்ணீரில் இறங்குமுன் அவளோடு பேசி வைக்க வேண்டும்.

அதேபோல் இரவு. கருவியைக் கழற்றி வைத்துத்தான் தூங்குவாள். தீ எச்சரிக்கை மணி அடித்தால் கேட்காது. தலையணைக்கடியில் அதிரும் அலாரம் உண்டு. இல்லையென்றால் யார் தொட்டு எழுப்புவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள், அவளுக்கும் தெரியட்டும். தீ மூட்டிச் சுற்றி உட்காரும்போது ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுவார்கள், முகங்கள் இருட்டில் இருக்கும். பேசுகிறவர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, தன் முகத்தில் அடித்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், விதி என்ற நினைப்பே வராது.

அவளுக்குச் சைகை மொழி தெரியுமா என்று கேளுங்கள், தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தால் முகாம் முழுக்கக் கொஞ்சம் சைகை சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், அவளுக்கு விருப்பம் இருந்தால்.

#13 கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. போட்டிகளை என்ன செய்வீர்கள்? ஓட்டம், கயிறு இழுத்தல், புதையல் வேட்டை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால் மற்ற பிள்ளைகளுக்கு முகாம் சப்பென்று ஆகிவிடாதா? நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் எழுதும் பொறுப்பைக் கொடுத்தால் அதுவும் கௌரவம்தானே?

#14 சக்கரம்

மதிப்பெண் எழுதுறது! ஐயா, நான் எழுதாத ஸ்கோர் நோட்டே கிடையாது. நாற்காலியில இருக்கிற எந்தப் பெரியவங்களை வேணா கேட்டுப் பாருங்க, நடுவர் விசிலும் ஸ்கோர் நோட்டும் அவங்க கைக்கு வந்திருக்கும். விளையாட்டுல இடமில்லைன்னு மரியாதையாச் சொல்ற வழி அது.

மாத்தினா சப்பென்று ஆகும்னு யார் சொன்னது? உக்காந்து ஆடுற வாலிபால் ஆடிப் பாத்திருக்கீங்களா? வலை தாழ்வா இருக்கும், பந்து அடிக்கிறப்போ இடுப்பு தரையில இருக்கணும். நடக்குற பசங்க முதல் ஆட்டத்துல நாறிப்போவாங்க. கோல்பால்னு ஒண்ணு, பந்தை உருட்டி கோல் போடுற ஆட்டம், இரண்டாம் உலகப் போர்ல பார்வை போன வீரர்களுக்காக 1946-ல உருவானது. பந்துக்குள்ள மணி, எல்லார் கண்ணுலயும் கட்டு, பார்வை உள்ளவனும் இல்லாதவனும் ஒண்ணுதான். கூட்டம் மூச்சு விடாம இருந்தாத்தான் ஆட்டமே நடக்கும். போச்சியா 1984-லேர்ந்து பாராலிம்பிக்ஸ்ல இருக்கு. வெள்ளைப் பந்துக்குப் பக்கத்துல உன் பந்தைக் கொண்டுபோகணும், அவ்வளவுதான். கையால முடியலேன்னா சரிவுப் பலகைல உருட்டலாம். அரை மணி நேரத்துல எல்லாரும் வெறியாகிடுவாங்க.

புதையல் வேட்டைல துப்புகளை நாற்காலி போற பாதைல மட்டும் வைங்க. யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

செய்யக் கூடாதது ஒண்ணு இருக்கு. ஓட்டப்பந்தயத்துல எல்லாரும் வேணும்னே மெதுவா ஓடி அவளை ஜெயிக்க வைக்கிறது. அப்புறம் எழுந்து நின்னு கைதட்டுறது. 11 வயசுப் பிள்ளைக்கு அது புரியாதுன்னு நினைக்காதீங்க. தோக்க விடுங்க. தோத்தா திட்டிக்கிட்டே மறுபடி வருவா.

#15 பழைய_தன்னார்வலர்

யாரும் தொடாத ஒன்று. 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, மாற்றுத்திறன் பிள்ளைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 3.7 மடங்கு என்றது. உடல் உதவி தேவைப்படுவதும், நடந்ததைச் சொல்ல வழியில்லாததும் பெரிய காரணங்கள். இப்போது நிழல் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள்: ஒரே பெரியவர், ஒரே பிள்ளை, நாள் முழுக்க, யாரும் பார்க்காத இடங்களில். கணக்குப்பிள்ளை ஐயாவுக்குப் பொறுப்பு பற்றிக் கவலை என்றால் இங்கேதான் கவலைப்பட வேண்டும்.

உடை மாற்ற, கழிவறைக்கு உதவ யார் யார் என்று பிள்ளையே சம்மதித்த இருவர் பெயர் இருக்கட்டும், பெற்றோருக்கும் தெரியட்டும். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது, கூப்பிடும் தூரத்தில் இன்னொரு பெரியவர் இருப்பது, இரண்டும் விதி. சொல்ல வேண்டுமென்றால் இந்த இருவரைத் தவிர வேறு யாரிடம் போகலாம் என்று பிள்ளைக்குக் காட்டிவையுங்கள். பேசாத பையனுக்குப் படத்தில்.

#16 இருவர்_அம்மா

எல்லாரும் நிழல் வேண்டாம் வேண்டாம்னு ஒரே மூச்சா எழுதுறீங்க. சக்கரம் தம்பி, உங்களுக்கு வாய் இருக்கு, வேண்டாம்னு சொல்லுவீங்க. என் பையன் தண்ணிப் பக்கம் போனா எனக்கு ஒருத்தர் வேணும், அவனை மட்டும் பாக்குற ஒருத்தர். தனி ஆளை எடுத்துட்டு, எல்லாரும் பாத்துப்பாங்கன்னு யாரும் பாக்காம விட்டா? எத்தனையோ இடத்துல அப்படி நடந்திருக்கு.

#17 சக்கரம்

அக்கா, தண்ணிப் பக்கம் நீங்க சொல்றதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. அங்கே ஒட்டிக்கிட்டே இருக்கணும், கை எட்டுற தூரத்துல. நான் சொல்றது நாள் முழுக்கங்கிறதைத்தான். எந்த நேரத்துக்கு, எந்த வேலைக்கு ஆள்னு பிரிங்க. ஏரிக்கரை, கூட்டம் இடம் மாறுற நேரம், ராத்திரி எழுப்புறது, இதுக்கெல்லாம் பேர் போட்ட ஆள். கைவினை மேசைல வேண்டாம். அங்கே பக்கத்துல உக்காந்திருக்கிற பையனே பசையை நகர்த்திக் குடுப்பான்.

#18 முகாம்_பொறுப்பு

நேற்றுக் குழுவில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். இப்போதைக்கு வந்திருக்கும் முடிவு: அதே நான்கு தன்னார்வலர்கள், ஆனால் பிள்ளைக்கு என்று இல்லாமல் அந்தப் பிள்ளை இருக்கும் குழுவுக்கு. எல்லாப் பிள்ளைகளும் அவர்களிடம் போகலாம். அதற்கு மேல் ஒரு தாள், எந்த மணிக்கு யார் பெயர் எந்த வேலைக்கு என்று: ஏரி, கதீட்டர் நேரம், இடுப்புப் பை, இரவு எழுப்புதல். விசிலுக்குப் பதில் கொடி. டார்ச் விதிக்கு நாடக அக்கா இப்போதே துள்ளுகிறார். பலூன் இல்லை.

#19 கணக்குப்பிள்ளை

தாளில் பெயர் இருக்கிறதென்றால் என் ஆட்சேபத்தில் பாதி போயிற்று. எழுத்தில் இருப்பதை எந்தக் காப்பீட்டுக்காரரிடமும் காட்டலாம். மீதிப் பாதி: மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்? முதல் நாள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்குவீர்களா?

#20 சிறப்பாசிரியை

வேண்டவே வேண்டாம். முதல் நாள் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி உரை நிகழ்த்தினால், கடைசி நாள் வரை அவள் அந்த உரையாகத்தான் திரிவாள். என்ன சொல்லலாம், யார் சொல்வது என்று அந்தந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். வலிப்புத் தம்பி தன் கூடாரத்துக்கு மட்டும் தானே சொல்கிறேன் என்பான், அல்லது நீங்களே சொல்லிவிடுங்கள் என்பான். மற்ற பிள்ளைகள் கேட்டால் நேரான, சின்னப் பதில்: "அவன் அதில் தொட்டுப் பேசுவான், நீ கேட்டுப் பார்." கேட்பதே தப்பு என்பதுபோல "உஷ்" என்று அடக்காதீர்கள்.

#21 முகாம்_பொறுப்பு

சிறுமியிடம் போனில் பேசினேன். ஷண்ட் உண்டு, லேடெக்ஸ் ஆகாது, கதீட்டர் தானே வைத்துக்கொள்வாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இரவு நடை உண்டா? உண்டு, ஆனால் பாதையின் கடைசிப் பகுதி சரளைக்கல். அதை எடுத்துவிட்டு வேறு பாதை போடலாமா, அல்லது நான்கு பேர் தூக்கலாமா என்று யோசிக்கிறோம்.

#22 சக்கரம்

தூக்காதீங்க. பலருக்கு அது பிடிக்காது, இருட்டுல நாலு பேர் கால் இடறினா அவளுக்கும் அடி, உங்களுக்கும் அடி. சரளைல புதையிறது முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம்தான். நாற்காலியைப் பின்பக்கமாச் சாய்ச்சு, முன்சக்கரம் தரையில படாம, பெரிய சக்கரம் ரெண்டுல மட்டும் பின்னோக்கி இழுத்துட்டுப் போனா பெரும்பாலும் வந்துடும். பெல்ட் போட்டிருக்கணும். சாயுறது அவளுக்குப் பழக்கமான்னு பகல்லயே ஒரு தடவை அந்தக் கல் மேலயே செஞ்சு பாத்துடுங்க, எப்படிப் பிடிக்கணும்னு அவளே சொல்லுவா. மோட்டார் நாற்காலின்னா இது ஆகாது, ரொம்ப கனம், அப்போ பாதையை மாத்துங்க. எந்த நாற்காலின்னு கேட்டீங்களா?

#23 முகாம்_பொறுப்பு

கையால் தள்ளுவதுதான். வருகிற வாரம் குடும்பத்தோடு இடம் பார்க்க வருகிறார்கள், அப்போது சரளையில் இழுத்துப் பார்த்துவிடுகிறோம்.